முகப்பு நிறைய அலுமினியம்

பழைய டர்போ கார் ஒன்றை வாங்கிய மறுவாரமே அறிவுரை வந்து சேர்ந்துவிடும். "முதல்ல இன்டர்கூலரை மாத்துங்க. பம்பர் அகலத்துக்குப் பெரிசா ஒண்ணு முன்னாடி மாட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்." கோவைப் பட்டறைகளில் இதைக் கேட்காத வருடமே எனக்கு இல்லை. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கைத்தொழில் தெரிந்த, நான் மதிக்கிற மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறான அறிவுரை. அதைக் கேட்டுப் பணம் போகிறது, ஏசி வலுவிழக்கிறது, சில வண்டிகளில் முன்பு இருந்த இழுவையும் போய்விடுகிறது. பழைய வண்டியில் இன்டர்கூலரின் அளவு கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

பொதுவாகப் பேசினால் வாதம் கை நழுவும் என்பதால் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். 2000-களின் நடுவில் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். கோல்ஃப், ஆடி ஏ3, ஆடி டிடி எல்லாவற்றிலும் ஓடிய எஞ்சின் குடும்பம்தான் இது. இதில் டர்போ எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கிறது. இன்டர்கூலரோ வலது முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பர் மூலைக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். பம்பரைக் கழற்றி முதல்முறை பார்ப்பவர் எல்லோரும் "இத்தனூண்டா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரிய இன்டர்கூலர் மேல் ஆசை பிறக்கும் இடம் அதுதான்.

இத்தனூண்டு செய்கிற வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெளியே 35 டிகிரி. டர்போ 0.7 பார் அழுத்தம் கொடுக்கிறது, அதன் கம்ப்ரசர் 70 சதவீதத் திறனில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்ப் அடித்தவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்தக் கணக்கில் டர்போவை விட்டு வெளியேறும் காற்று 107 டிகிரியில் இருக்கும். அதாவது வெளிக்காற்றைவிட 72 டிகிரி கூடுதல். அந்த 72-இல் எவ்வளவைக் கழிக்கிறது என்பதே ஒரு இன்டர்கூலரின் திறன். 70 சதவீதம் கழித்தால் எஞ்சினுக்குள் 57 டிகிரியில் காற்று போகும். பெரிதாக ஒன்றை மாட்டி 85 சதவீதம் கழித்தால் 46 டிகிரி. பதினோரு டிகிரி வித்தியாசம்.

பதினொன்று என்றால் பெரிதாகத் தெரியும். காற்றின் அடர்த்தி நம் டிகிரிக் கணக்கைப் பார்ப்பதில்லை, மைனஸ் 273 டிகிரியான தனிப்பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. 330-க்கும் 319-க்கும் உள்ள விகிதம் அது. கூடுவது மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 150 குதிரையில் ஐந்து குதிரை. அதுவும் வேறெங்கும் ஒன்றும் இழக்காமல் இருந்தால். பம்பரை அறுத்து, குழாய்களை வளைத்து, வெல்டிங் வைத்து, ஒரு வாரம் வண்டியைப் பட்டறையில் நிறுத்தியதற்குக் கிடைப்பது இதுதான்.

"அடர்த்தி மட்டும்தானா? நாக்கிங்கைச் சொல்லலியே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். அவர்களிடம் இருக்கும் மிகவும் வலுவான வாதமும் இதுவே. நம் பங்குகளில் பல வருடம் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும், எஞ்சினின் கணினியான ஈசியூ ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும். அப்படித் தள்ளுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் இழுவை குறையும். ஆக, குளிர்ந்த காற்றின் பலன் அந்த ஐந்து குதிரையோடு நிற்பதில்லை. மே மாத வெயிலில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது காற்று குளிர்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான். இன்டர்கூலர் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அல்ல. இரண்டும் ஒன்றே என்று நினைப்பதில்தான் பிசகு தொடங்குகிறது.

பெரிது என்றால் குளிர்ச்சி என்ற நம்பிக்கைக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது திறன் அளக்கும் டைனோவின் காகிதம், இல்லாவிட்டால் பைபாஸில் ஒரே மூச்சில் மிதித்துப் பார்த்த அனுபவம். அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இந்த எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 120 கிராம் காற்றை இழுக்கும். அதிலிருந்து 50 டிகிரியைக் கழிக்க வேண்டுமென்றால் 6 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். இன்டர்கூலருக்குள்ளே ஐந்து கிலோ எடையுள்ள அலுமினியக் கோர் ஒன்று இருந்தால், அதன்மேல் வெளிக்காற்று துளிகூடப் படாவிட்டாலும், அது நொடிக்கு 1.3 டிகிரிதான் சூடேறும். பத்து நொடி மிதித்தால் 13 டிகிரி. அதாவது அந்தப் பத்து நொடியில் அது இன்டர்கூலராக வேலை செய்யவே இல்லை. பானைத் தண்ணீர் வெயிலை வாங்கிக்கொள்வதுபோல வெப்பத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டு கிலோ எடையுள்ள கம்பெனிக் கோர் அதே நேரத்தில் முப்பது டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். டைனோவில் வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, எதிரே ஒரு ஃபேன் சுற்றுகிறது. எடை கூடிய கோர் அங்கே ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை.

அதே வண்டியை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றிப் பாருங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், மறுபடி இரண்டாவது. வேகம் நாற்பதைத் தாண்டாது, டர்போ ஓயாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும், எதிர்க்காற்று கொஞ்சமே. பானை நிறைந்துவிட்டால் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. வந்த வெப்பத்தை அவ்வப்போது வெளியே தள்ளுகிற வழி இருந்தால்தான் பிழைக்கலாம். கனமான கோர் ஒருமுறை சூடேறினால் ஆறுவதற்கும் அதிக நேரம் எடுக்கும். வால்பாறை ஏறும்போது மடியில் லேப்டாப்பை வைத்து உள்காற்று வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே போயிருக்கிறேன். முகப்பு நிறைய இன்டர்கூலர் மாட்டிய நண்பர் வண்டியில் முதல் ஏழெட்டு வளைவு வரை எண் அழகாகத் தாழ்ந்திருந்தது. அப்புறம் ஏற ஆரம்பித்தது, மேலே காட்சிமுனையில் நிறுத்தும்வரை இறங்கவே இல்லை. ஓட்டியவர் என் பக்கம் திரும்பி, "இவ்வளவு செலவு பண்ணியும் ஏனுங்க இப்படி?" என்றார்.

ஏனென்றால் அந்தக் கோரைச் சுற்றி நாலு பக்கமும் திறந்து கிடந்தது. பம்பர் வாயில் நுழைந்த காற்று கோரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் புகாமல், மேலேயும் கீழேயும் இருந்த இடைவெளியில் நழுவிப் போனது. தண்ணீர்போலவே காற்றும் லேசான வழியைத்தான் பிடிக்கும். கம்பெனி அந்த மூலையில் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் டக்ட் வைத்திருந்தது. பம்பரின் கீழ்த் துவாரத்தில் நுழையும் காற்றைச் சிந்தாமல் கோருக்குள் கொண்டு போய்ச் சேர்ப்பது அது. கோரைத் தாண்டிய காற்று வெளியேற மட்கார்டுக்குள் இருக்கும் லைனரில் வரிவரியாக ஜன்னல் வைத்திருந்தது. வீட்டில் இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்தால்தானே காற்று ஓடும்? அந்த டக்ட்டையும் லைனரையும் "வேண்டாத சாமான்" என்று கழற்றி மூலையில் எறிந்திருந்தார்கள்.

1978-இல் போர்ஷே தன் 911 டர்போவை 3.3 லிட்டராகப் பெருக்கி இன்டர்கூலர் வைத்தது. எங்கே வைத்தார்கள் தெரியுமா? பின்பக்க ஸ்பாய்லருக்கு அடியில். காற்று வந்து விழுகிற இடம் அதுவே என்பதால் ஸ்பாய்லரின் உருவத்தையே அதற்காக மாற்றினார்கள். சுபாரு இம்ப்ரெசாவில் எஞ்சின் தலைமேல் இருக்கிறது. பானெட்டில் ஒரு வாய் வைத்து அதற்குக் காற்று ஊட்டுகிறார்கள், வாய்க்கும் கோருக்கும் நடுவே கசியாமல் ரப்பர் கட்டி. முதலில் காற்றின் வழியைத் தீர்மானித்தார்கள், கோரின் உருவம் அதற்குப் பின்னால் வந்தது. நாமோ கடையில் கிடைக்கிற பெரிய கோரை வாங்கிவிட்டு, அதற்கு இடம் தேடுகிறோம்.

அடுத்தது அழுத்த இழப்பு. "கொஞ்சம் பிரஷர் போச்சுன்னா என்ன, பூஸ்ட்டை ஏத்திக்கலாம்" என்று சொல்வார்கள். இந்த எஞ்சினில் யாரும் ஏற்ற வேண்டியதில்லை. வண்டியே ஏற்றிக்கொள்ளும், ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. பூஸ்ட் சென்சார் இன்டர்கூலரைத் தாண்டி, காற்று வெளியேறுகிற பக்கம் இருக்கிறது. ஈசியூ கேட்கிற 0.7 பார் அந்த இடத்தில் கிடைத்தாக வேண்டும். பழைய கோரும் குழாயும் வழியில் 0.1 பாரைத் தின்றால் டர்போ 0.8 கொடுத்தால் போதும். நீண்ட குழாய், ஐந்தாறு வளைவு, உள்பக்கம் வெல்டிங் பிசிறு, மலிவான கோர் எல்லாம் சேர்ந்து 0.25 பாரைத் தின்றால் டர்போ 0.95 கொடுக்க வேண்டும். டர்போவை விட்டு வெளியேறும் காற்று அதனாலேயே 12, 13 டிகிரி கூடுதலாகச் சூடேறும்.  அதில் பெரும்பங்கைப் பெரிய கோர் கழித்துவிடும்தான், ஆனால் அந்தக் கூடுதல் சுமை முழுதும் டர்போவின் தலையில் விழுகிறது. இந்த எஞ்சினில் இருக்கும் கே03 சின்ன டர்போ. மேல் ஆர்பிஎம்மில் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அதைத் தேவைக்கு மேல் சுற்ற வைத்தால், குதிரையும் கிடைக்காது, டர்போவின் ஆயுளும் குறையும். வண்டியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்பதே கொடுமை. பூஸ்ட் மீட்டர் வழக்கம்போல 0.7 காட்டும்.

இங்கே என் பக்கம் நிற்பவர்கள் சொல்கிற ஒரு தவறையும் திருத்தியாக வேண்டும். பெரிய இன்டர்கூலர் போட்டால் டர்போ லேக் பயங்கரமாகக் கூடும் என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. புதிய கோரும் குழாயும் சேர்ந்து நாலு லிட்டர் கூடுதல் கொள்ளளவு என்றே வைத்துக்கொண்டாலும், அதை 0.7 பாருக்கு நிரப்ப இரண்டே முக்கால் லிட்டர் காற்று போதும். 3000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் நொடிக்கு 45 லிட்டர் இழுக்கிறது. நொடியில் பதினாறில் ஒரு பங்கு. காலுக்குத் தெரியாது. பெரிய இன்டர்கூலருக்குப் பின் வண்டி மந்தமானதாக ஒருவர் உணர்கிறார் என்றால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

கசிவு என்றதும், இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். இருபது வயது டர்போ வண்டிக்குப் பெரிய இன்டர்கூலரைப் பரிந்துரைப்பவர், அந்த வண்டியில் இப்போது இருப்பது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதே இல்லை. நான் என் வண்டியின் இன்டர்கூலரைக் கழற்றி, வாய் கீழே இருக்கும்படி ஒரு வாளிமேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தேன். காலையில் வாளியின் அடியில் ஒரு டீ கிளாஸ் அளவுக்குக் கருப்பு எண்ணெய். எஞ்சின் விடுகிற எண்ணெய்ப் புகை பிரீதர் ஹோஸ் வழியாக டர்போவுக்கு வந்து, வருடக்கணக்கில் கோருக்குள் படிந்தது அது. எண்ணெய் படிந்த உலோகம் வெப்பத்தைக் கடத்தத் தயங்கும். வெளிப்பக்கமோ பூச்சியும் செம்மண்ணும் சேர்ந்து துடுப்புகளில் பாதியை மூடியிருந்தன. அப்படிப்பட்ட கோரைப் பார்த்து "கம்பெனி சைஸ் பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னால், தூசி மண்டிய ஃபேனைப் பார்த்து "மோட்டார் பத்தாது" என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கழுவ வேண்டும். எண்ணெய் கரைக்கும் திரவத்தை ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை அலசி, வெயிலில் முழுதாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் அத்தனையும் எஞ்சினுக்குள் போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வண்டியில் முன்பு எப்போதாவது டர்போ உடைந்திருந்தால் பழைய கோரைக் கழுவி நம்ப வேண்டாம். உலோகத் துணுக்கு ஒன்று உள்ளே சிக்கியிருந்தாலும் எஞ்சினுக்கு எமன். அப்போது வேறு கோர் வாங்குவது நியாயம். அதே காரணத்தால், சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கோர் வாங்குகிறவர்கள் அது எப்படிப்பட்ட வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.

பிறகு கசிவுச் சோதனை. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டர்போ வாய்க்குப் பொருந்துகிற ஒரு மூடியை லேத்தில் கடைந்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தினால் போதும். காற்றை மெல்ல ஏற்றுங்கள், ஒரு பாருக்கு மேல் போகாதீர்கள். பிரீதர் பக்கத்தை அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சின் வயிற்றுக்குள் போய் ஆயில் சீலைப் பிதுக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணி தெளித்துப் பாருங்கள். என் வண்டியில் மூன்று இடத்தில் கோளாறு தெரிந்தது. குழாய் இணைப்பு ஒன்றில் ஓ-ரிங் காய்ந்து தட்டையாகியிருந்தது. கீழ் ஹோஸின் உள்வளைவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகத்தளவு வெடிப்பு. மூன்றாவது, காலை எடுத்ததும் மிச்ச அழுத்தத்தை டர்போ வாய்க்கே திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது, இந்த எஞ்சினில் அது அடிக்கடி நடப்பது. ஏர்ஃப்ளோ சென்சார் எண்ணிக் கணக்கு வைத்த காற்று முதல் இரண்டு ஓட்டையாலும் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஈசியூ அதை அறியாமல் முழுக் காற்றுக்கும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. மந்தம், கருப்புப் புகை, மைலேஜ் குறைவு மூன்றுக்கும் அதுவே காரணம். ஒரு வால்வு, இரண்டு ஓ-ரிங், ஒரு ஹோஸ் மாற்றினேன். பழைய இன்டர்கூலரையே கழுவி மாட்டினேன். வண்டிக்கு உயிர் வந்தது. நான் பெரிய கோர் போட்டிருந்தால் இந்த ஹோஸ் எல்லாம் எப்படியும் கழன்று புதிதாகியிருக்கும். அந்தப் புகழ் முழுக்கக் கோருக்குப் போயிருக்கும். பெரிய இன்டர்கூலருக்கு வந்த நற்பெயரில் கணிசமான பகுதி இப்படிச் சேர்ந்ததே என்பது என் திடமான எண்ணம்.

ஏசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகப்பு இன்டர்கூலருக்குப் பின்னால் கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். முதலில் நிற்பது எதுவோ அதன் சூட்டைப் பின்னால் இருப்பவை வாங்கித்தான் ஆக வேண்டும். சென்னை வெயிலில், சிக்னலில், குழந்தைகளை வைத்துக்கொண்டு நிற்கும்போது இதன் விலை தெரியும். இன்னொன்று: இடம் போதவில்லையென்று பம்பருக்குள் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தை அறுக்கிறார்கள். மோதினால் உயிரைக் காக்க வைத்த சட்டம் அது. ஐந்து குதிரைக்காக அதில் ரம்பம் வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது.

அப்படியானால் இன்டர்கூலரை மாற்றவே கூடாதா? மாற்றலாம், காரணம் இருந்தால். ரீமேப் செய்து அழுத்தத்தை 1 பாருக்கு ஏற்றியவர்களுக்குக் கணக்கே வேறு. டர்போவின் திறன் 65 சதவீதத்துக்கு இறங்கி, வெளியேறும் காற்று 139 டிகிரியைத் தொடும். வெப்பத்தில் தவிக்கும் சின்னக் கோர் வெளிக்காற்றைவிடக் கூடுதலான சூட்டில் பாதியைத்தான் கழிக்கிறது, நல்ல கோர் 80 சதவீதம் கழிக்கிறது என்றால், அடர்த்தியில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அது கைக்குக் கிடைக்கிற லாபம். அந்த நிலையிலும் இந்த வண்டிக்கு நான் முதலில் பார்ப்பது, அதே மூலையில் உட்காருகிற, கொஞ்சம் பெரிய பக்கவாட்டுக் கோரை. டக்ட்டும் லைனரும் அப்படியே பயன்படும், குழாய் நீளாது, கண்டென்சர் மறையாது. வாங்கும்போது தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். தடித்த கோரின் பின்பாதிக்குப் போய்ச் சேருவது முன்பாதி சூடாக்கிய காற்றுதான். காற்றைப் பார்க்கிற முகம் எவ்வளவு அகலம் என்பதே முக்கியம். பூஸ்ட் சென்சார் உட்கார இடம் வார்த்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வந்த கோருக்குப் பட்டறையில் ஓட்டை போட்டு ஒட்டுப்போடுவார்கள், அது ஆறு மாதத்தில் கசியும்.

மாட்டுகிற விதத்தில் பாதி பலன் இருக்கிறது. கோரை ரப்பர் புஷ் வைத்து நிறுத்துங்கள். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது; இரண்டுக்கும் நடுவே விறைப்பான குழாய் இருந்தால் வெல்டிங் வெடிக்கும். குழாய் முனையில் வரப்பு எழுப்பியிருக்க வேண்டும், வழவழப்பான முனையில் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் கழன்று தெறிக்கும். சிலிக்கோன் ஹோஸ் என்றால் எண்ணெய் தாங்கும் உள்பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கோன் எண்ணெயில் ஊறிப் பஞ்சாகிவிடும். கோரைச் சுற்றி மிச்சமிருக்கும் ஒவ்வொரு இடைவெளியையும் ஃபோம் வைத்து அடையுங்கள். கடையில் வாங்குகிற எந்தக் கோரையும்விட அந்த ஃபோம் மலிவு.

மாட்டுவதற்கு முன்பும் பின்பும் அளந்துவிடுங்கள். லேப்டாப்பை ஈசியூவோடு இணைத்தால், அதன் அளவீட்டுத் தொகுதிகளில் 115-ஆவது ஈசியூ கேட்கிற பூஸ்ட்டையும் கிடைக்கிற பூஸ்ட்டையும் காட்டும். 20-ஆம் தொகுதி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க் எவ்வளவு பின்னுக்குப் போகிறது என்று காட்டும். அதே சாலை, ஏறத்தாழ அதே வெயில், பத்து நொடி அல்ல, இருபது நிமிடம்.

வால்பாறையில் என்னிடம் கேள்வி கேட்ட நண்பர் அடுத்த மாதமே அந்த முகப்பு இன்டர்கூலரைக் கழற்றிவிட்டார். பழைய கோர் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. டக்ட் கிடைக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் மோதி நசுங்கிய ஓர் ஆக்டேவியாவிலிருந்து ஒன்றைப் பிடித்தோம். ஒரு காது உடைந்திருந்தது, அலுமினியத் தகடு வைத்துத் தைத்தோம். கழற்றிய பெரிய கோரை அவர் விற்கவில்லை. பெரிய டர்போ போடுகிற நாளில் அதற்கு வேலை இருக்கிறது என்று துணியில் சுற்றி, அந்த மாடிப்படிக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்.